குப்புறப் படுத்தபடி

ஜூன் 7

வீடு. ஹபரணையில் தூங்கியவன் கந்தளாயில்தான் விழித்தேனாம், அக்கா சொன்னாள். விழித்திரை ஒப்பரேஷன் முடிந்து, வலது கண்ணுக்குள் வாயு. இடது கண்ணில் பார்வை இல்லை, அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 8

ஹோலில் கட்டில் போட்டிருக்கிறார்கள். கச்சான் காற்று நெருப்பாக வீசுகிறது, பெரிய ஃபான் இங்கேதான் இருக்கிறது. முகம் கட்டில் விளிம்புக்கு வெளியே, நிலத்தைப் பார்த்தபடி. கீழே ஸ்டூலில் லப்டொப். மணிக்கு 10 நிமிடம் நிமிரலாம். வாயு மேலே எழும்பத்தான் பார்க்கும். குப்புறக் கிடந்தால் அது விழித்திரையைப் பின்பக்கமாக அழுத்திப் பிடித்திருக்கும். எனக்கு வேலை, கிடப்பது.

திரையை வாசித்துச் சொல்லும் ஓர்க்கா என்ற நிரலை ஓட விட்டிருக்கிறேன். ஈஸ்பீக் என்ற பேச்சு நிரலின் தமிழ்க் குரல் வாசிக்கிறது. நான் தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அது சொல்ல வேண்டும். சொல்கிறது, ஆனால் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டுத் தட்டினால் முதல் எழுத்தைக் காணோம். ஒரு வரி வாசிக்கச் சொன்னால் 'ணக்கம்' என்று தொடங்குகிறது. கட்டளையின் முதல் எழுத்து விழுந்ததா இல்லையா என்று தெரியாமல் அழித்து அழித்துத் தட்டினேன். மூன்று மணி வரை இதே யோசனை. கண் தெரிந்த நாளில் இது என் காதில் பட்டதே இல்லை. திரையில் எழுத்து இருக்கிறதே, பிறகு எதற்குக் கேட்க வேண்டும்?

ஜூன் 9

வலி. எழுத முடியவில்லை. அம்மா பத்திரகாளி அம்மனுக்கு ஏதோ நேர்ந்திருக்கிறார், என்னவென்று சொல்ல மாட்டேன் என்கிறார்.

ஜூன் 10

முதல் எழுத்தை விழுங்குவது யார் என்று தெரிந்தது. லினக்ஸில் சத்தத்தைக் கையாளும் பல்ஸ்ஓடியோவில் 'மொடியூல்-சஸ்பென்ட்-ஒன்-ஐடில்' என்று ஒரு துணை நிரல் இருக்கிறது. 5 விநாடி ஒரு சத்தமும் போகாவிட்டால் ஒலிக் கருவியைத் தூங்கப் போட்டுவிடும். மின்சாரம் மிச்சம், நல்ல எண்ணம்தான். ஆனால் அடுத்த சத்தம் வரும்போது அது எழும்பச் சற்று நேரம் எடுக்கிறது. பாட்டு என்றால் ஒன்றும் தெரியாது. ஒற்றை எழுத்தைச் சொல்லும் குரலுக்கு அந்தச் சற்று நேரமே முழு நேரம்.

டெர்மினலில், பல்ஸ்ஓடியோவை ஆட்டும் பாக்டிஎல் கட்டளையில் ஒரே வரி: பாக்டிஎல் அன்லோட்-மொடியூல், அதன் பின்னால் அந்த மொடியூலின் பெயர். என்டர். ஃபான் சத்தத்துக்கு மேலாக ஒரு எழுத்தைத் தட்டினேன், கேட்டது. ஒரு நிமிடம் விட்டுத் தட்டினேன், கேட்டது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளுக்கு விளங்கவில்லை, ஆனாலும் சந்தோஷப்பட்டாள்.

இரவில் சத்தம் எவ்வளவு வைப்பது என்பது வேறு பாடு. அம்மாவுக்கு ஊசி விழுந்தாலும் முழிப்பு வரும். 50 வீதம் என்றால் பாதி என்று நினைப்போம். பாக்டிஎல்லிடம் கேட்டால் 32768, 50 வீதம், மைனஸ் 18.06 டெசிபல் என்கிறது. 65536 என்பதுதான் 100 வீதம். நடுவில் இருப்பது நேர்கோடு இல்லை, காதுக்கு ஒத்துப்போகிற மாதிரி மும்மடிக் கணக்கில் வளைத்திருக்கிறார்கள். அதனால்தான் 50இலும் குரல் நன்றாகவே கேட்கிறது. கூட்டல் 5 வீதம், கழித்தல் 5 வீதம் என்று கொடுத்தால் போதும், எண்ணே தேவையில்லை. ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கூட்டிக்கொண்டே போனால் அது 100இல் நிற்காது. மேலே போகப் போக ஸ்பீக்கர் கிழியும்.

ஜூன் 11

காலையில் சத்தம் இல்லை.

எழும்பித் தட்டினேன், ஒன்றுமில்லை. சத்தத்தைக் கூட்டும் விசை, ஒன்றுமில்லை. அக்கா சந்தைக்கு, அம்மா கோயிலுக்கு, மருமகன் பள்ளிக்கூடத்துக்கு. வீட்டில் ஃபான் மட்டும். கண் போன அன்று கூட இவ்வளவு பயம் வரவில்லை என்று எழுதினால் மிகையாக இருக்கும், ஆனால் அதுதான் உண்மை. அன்று பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

போன் கைக்கு எட்டியது. அதில் திரையை வாசிக்கும் டோக்பேக் இருக்கிறது, கட்டளை தட்டும் டேர்முக்ஸ் இருக்கிறது. போனிலிருந்து எஸ்எஸ்எச் வழியாக லப்டொப்புக்குள் போனேன். போனின் குரல் லப்டொப் சொல்வதை வாசித்தது. பாக்டிஎல் லிஸ்ட் ஷோர்ட் சிங்க்ஸ். சிங்க் என்றால் சத்தம் வெளியே போகும் வழி. அந்த 'ஷோர்ட்' இல்லாமல் கேட்டால் ஒவ்வொரு சிங்குக்கும் பக்கம் பக்கமாக வாசிக்கும். காதால் கேட்கிறவர் இதை முதலில் பழக வேண்டும். பதில் ஒரே வரி. எச்டிஎம்ஐ என்று முடிந்தது.

அப்போதுதான் விளங்கியது. இரவு மருமகன் ஃபுட்போல் பார்க்க டிவியோடு கேபிள் போட்டிருக்கிறான். டிவியைச் சுவரில் நிற்பாட்டிவிட்டுக் கேபிளை அப்படியே விட்டுப் படுத்துவிட்டான். லப்டொப்பின் ஒலி அட்டை எச்டிஎம்ஐ புரொஃபைலுக்கு மாறி அங்கேயே நின்றுவிட்டது. ஸ்பீக்கர் என்ற சிங்கே பட்டியலில் இல்லை. இல்லாத சிங்கை டீஃபோல்ட் ஆக்க முடியாது. மாற்ற வேண்டியது அட்டையின் புரொஃபைலை. பாக்டிஎல் செட்-கார்ட்-புரொஃபைல், அட்டையின் எண் 0, அப்புறம் அவுட்புட் அனலொக்-ஸ்டீரியோ. குப்புறக் கிடந்தபடி, போனின் சின்ன விசைகளில், ஒவ்வொரு எழுத்தையும் கேட்டுக் கேட்டு.

என்டர் கொடுத்த உடனே எந்தச் சத்தமும் இல்லை. கீழே ஸ்டூலுக்குக் கை நீட்டி லப்டொப்பில் ஒரு அம்புக்குறியைத் தட்டினேன். 'டெர்மினல்' என்றது.

அழுதேன். அழுவது கண்ணுக்குக் கூடுமா கூடாதா என்று கேட்க வேண்டும்.

மருமகன் பின்னேரம் வந்து, "மாமா, நான் கேபிளைக் கழட்ட மறந்திட்டன்" என்று கட்டிலுக்கு அடியில் வந்து உட்கார்ந்தான். கீழே இருந்து என் முகத்தைப் பார்த்துக் கதைக்கிற ஒரே ஆள் அவன்தான்.

ஜூன் 12

நேற்று செய்ததை ஒரு சின்ன ஸ்கிரிப்டில் போட்டு 'குரல்' என்று பெயர் வைத்தேன். புரொஃபைலைத் திருப்பும், மியூட்டை எடுக்கும், சத்தத்தை 60 வீதத்தில் வைக்கும், பாப்ளே கொண்டு ஒரு மணியை அடிக்கும். ஒரு விசைச் சேர்க்கையில் கட்டிவிட்டேன். மணி கேட்டால் இருக்கிறேன் என்று அர்த்தம்.

ஜூன் 13

ஒன்றும் செய்யவில்லை. துறைமுகத்தில் கப்பல் ஒன்று நீளமாக ஊதியது. கழுத்து.

ஜூன் 14

மூதூரிலிருந்து என் கணினி வகுப்புப் பிள்ளை ஒருத்தி கோல் எடுத்தாள். வகுப்புக்கு வந்த எல்லாரிலும் வேகமாகத் தட்டுகிறவள், பிறவியிலேயே பார்வை இல்லை. "சேர், எப்பிடி இருக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று விசாரித்தாள். முதல் எழுத்தை விழுங்கும் கதையைச் சொன்னேன். கொஞ்சம் பேசாமல் இருந்தாள்.

"அது எனக்கும் விழுங்கும் சேர். மிஷின் கதைக்கிறதே அப்பிடித்தான் எண்டு நினைச்சன்."

அவளிடம் கணினி வந்து வருஷக் கணக்காகிறது. அவளுடைய மேசைக்குப் பக்கத்தில் நின்று பாடம் சொன்னவன் நான். கண் தெரிகிறவன் காதில் அது விழவில்லை, அவள் அதைக் குறையாகச் சொல்லவும் இல்லை. இரவு முழுக்க இதுதான் தலைக்குள்.

அன்லோட் வரியை வாட்ஸ்அப்பில் குரலாகப் பதிந்து அனுப்பினேன்.

ஜூன் 15

அவளுடைய கணினி அந்த வரியை ஏற்கவில்லை. அப்படி ஒரு மொடியூலே ஏற்றப்படவில்லை என்கிறதாம். பாக்டிஎல் இன்ஃபோ தட்டி, சேர்வர் நேம் என்ற வரியை வாசிக்கச் சொன்னேன். 'பல்ஸ்ஓடியோ, ஒன் பைப்வயர்.' அவளுடையது புதிய உபுண்டு லினக்ஸ், அதுதான். என்னுடையது 22.04, 22.10இலிருந்தே அவர்கள் பல்ஸ்ஓடியோவை விட்டுப் பைப்வயருக்கு மாறிவிட்டார்கள். பழைய கட்டளைகள் அங்கேயும் வேலை செய்யும், ஆனால் உள்ளே தூங்கப் போடுகிறவர் வேறு ஆள், வயர்ப்ளம்பர்.

பல்ஸ்ஓடியோ, லென்னார்ட் பொட்டெரிங் 2004இல் தொடங்கிய வேலை. 2007இல் ஃபெடோரா 8, 2008இல் உபுண்டு 8.04 இதை உள்ளே எடுத்தபோது சத்தம் வெட்டுகிறது, இடறுகிறது என்று திட்டாதவர் குறைவு. நானும் அப்போது கழற்றி எறிந்துவிட்டு அதற்கு அடியில் இருக்கும் வெறும் அல்சாவோடு இருந்தவன்தான். பிறகு விம் டெய்மன்ஸ் பைப்வயரைக் கொண்டுவந்தார், 2021இல் ஃபெடோரா 34 அதற்கு மாறியது. இத்தனை மாற்றத்துக்கும் நடுவில் பாக்டிஎல்லின் அந்தச் சொற்களைக் கலைக்காமல் விட்டார்களே, அதற்கு நான் கையெடுத்துக் கும்பிடுவேன். ஸ்லைடரை இழுக்கிறவருக்கு ஜன்னல் மாறினால் பார்த்துக்கொள்ளலாம். விரலில் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறவளுக்குச் சொல் மாறினால் எல்லாம் போயிற்று.

இந்த ஈஸ்பீக்கும் அப்படித்தான். ஜொனதன் டடிங்டன் என்பவர் 1995இல் ஏக்கோர்ன் கணினிக்கு எழுதிய சின்ன நிரலில் தொடங்கியது. இன்று திருகோணமலையில் ஒரு கட்டிலுக்குக் கீழே தமிழில் வாசிக்கிறது. குரல் தகரம் தட்டுகிற மாதிரி இருக்கிறது என்று அக்கா சொல்கிறாள். எனக்கு அதில் குறை இல்லை. எவ்வளவு வேகமாக ஓட விட்டாலும் ஒவ்வொரு எழுத்தும் தனியாகத் தெரிகிறது.

ஜூன் 16

கரண்ட் போய் வந்தது. லப்டொப் பற்றரி செத்தது எப்போதோ, எல்லாம் நின்று திரும்பத் தொடங்கியது. 'ணக்கம்.'

டெர்மினலில் கொடுத்தது அந்த ஓட்டத்துக்கு மட்டும்தான். நிலைக்க வேண்டுமென்றால் என் சொந்த டீஃபோல்ட்-பிஏ கோப்பில் இருக்க வேண்டும். முதல் வரி, கணினியின் பொதுக் கோப்பை உள்ளே இழுப்பது. இரண்டாவது, அன்லோட். மற்றொன்றும் சேர்த்தேன்: இடது காது தலையணையில் அமுங்கிக் கிடப்பதால் ஒற்றைக் காதில்தான் இயர்போன். பழைய பதிவுகளில் பாடுகிறவர் ஒரு பக்கம், வயலின் மறுபக்கம். ஒரு பக்கத்தைக் கேட்டால் பாட்டு பாதிதான். ரீமேப்-சிங்க் மொடியூலில் இரண்டு தடத்தையும் மோனோ என்று கொடுத்தேன். இப்போது வயலினும் வந்து சேர்ந்தது.

ஜூன் 17

கண்ணில் ஒரு கோடு.

நிமிர்ந்திருந்த 10 நிமிடத்தில் பார்த்தேன். மேல் ஓரத்தில் ஒரு மெல்லிய வெளிச்சம், அதற்குக் கீழே ஆடுகிற கோடு, தலையை அசைத்தால் தளம்புகிறது. அக்கா டொக்டருக்கு கோல் எடுத்தாள். வாயு சுருங்குகிறது, மேலே இருந்து தெரியத் தொடங்கும், கோடு நாளுக்கு நாள் இறங்கும் என்றாராம். நல்லதா என்று கேட்டாளா? கேட்கவில்லையாம். ஏன் கேட்கவில்லை?

ஜூன் 18

கோடு இறங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. விமானமும் வேண்டாம், நுவரெலியாப் பக்கமும் வேண்டாம், வாயு விரியும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறார்கள். கோணேசர் கோயில் ஏற்றமும் அதில் சேருமா என்று அம்மா கேட்கிறார். நேர்த்தி அங்கேயும் ஒன்று இருக்கிறது போல.

மூதூருக்கு ஒரு தற்காலிக வழி சொன்னேன். பாக்கட் என்ற கட்டளைக்கு டெவ்-ஸீரோவை ஊட்டினால் பூச்சியங்களாகவே வாசித்துக்கொண்டிருக்கும், ஒரு சத்தமும் கேட்காது. ஆனால் சேர்வருக்கு யாரோ பேசிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும், தூங்காது. அவள் தட்டினாள். பிறகு போனை ஸ்பீக்கருக்குக் கிட்ட வைத்து 'அ' என்று ஒரு எழுத்தைத் தட்டினாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும். அந்த 'அ'வை நான் இங்கே கேட்டேன்.

ஜூன் 19

இறங்கியிருக்கிறது. ஃபான் இறக்கையின் மேல் பாதி தெரிந்தது.

ஜூன் 20

நாளைக்குக் கொழும்பு. அதற்கு முன் அவளுடைய வயர்ப்ளம்பர் கோப்பை முடித்துவிட வேண்டும் என்று நிற்கிறேன். கேட்க வேண்டியது ஒன்றுதான்: செஷன்-சஸ்பென்ட்-டைம்அவுட்-செக்கன்ட்ஸ் பூச்சியம் ஆக வேண்டும். ஆனால் அதைச் சுற்றிச் சுருள் அடைப்பு, சதுர அடைப்பு, மேற்கோள் குறி. வயர்ப்ளம்பரின் கட்டளையான டபிள்யூபிசிடிஎல் ஸ்டேட்டஸ் பார்க்கச் சொன்னால் மரம் மாதிரிக் கோடு கோடாக வரைந்து வைத்திருக்கிறது, குரல் அந்தக் கோடுகளையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிக்கிறதாம். அதை விட்டுவிட்டு பாக்டிஎல் லிஸ்ட் ஷோர்ட் போடச் சொன்னேன். நான் ஒரு வரி சொல்ல, அவள் தட்டித் திருப்பி வாசிக்க, இப்படியே ஏழு மணி வரை போயிற்று. சேமித்துவிட்டுத் திரும்பத் தொடங்கினாள். கோப்பை வாசிக்கவில்லை. எங்கேயோ ஒரு அடைப்பு மூடாமல் இருக்கிறது.

ஜூன் 21

விடிய 3 மணி. வான் வந்து நிற்கிறது. அவள் முழித்துத்தான் இருக்கிறாள், நாலாவது வரியில் காற்புள்ளிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறேன், பதிலுக்குப் பார்த்து