மெகா டிரைவுக்காக வாதாடுகிறேன்

ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 என்ற சண்டை வீடியோ கேம் என்றால் சூப்பர் நின்டென்டோ கருவியில்தான் ஆட வேண்டும் என்று டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் என் பெரியப்பா மகன் இன்றும் ஒற்றைக் காலில் நிற்கிறார். அண்ணா, குரல் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. என் கட்சியான செகா மெகா டிரைவ் கருவியில் ஆட்டத்தின் வீரன் ரியூ ‘ஹடோக்கென்’ என்று கத்தினால் தொண்டை கட்டியவர் கத்துவதுபோல் கரகரக்கும்.

ஆனால் ஆட்டத்தைப் பாருங்கள். 1992இல் உங்களுக்கு வந்த கேம் கார்ட்ரிட்ஜின் கொள்ளளவு 16 மெகாபிட். அதில் கடைசியில் வரும் நான்கு தலைவர்களில் ஒருவனான சகாட்டை அடிக்கலாம், சகாட்டாக ஆட முடியாது. 1993இல் எங்களுக்கு வந்தது 24 மெகாபிட், அந்த நான்கு தலைவர்களாகவும் ஆடலாம், எல்லாரும் எங்கள் கைக்குள்!

மூன்று பொத்தான் கன்ட்ரோலரில் குத்துக்கும் உதைக்கும் இடையே மாற ஸ்டார்ட்டைத் தட்ட வேண்டியிருந்தது கொடுமைதான். ஆறு பொத்தான் கன்ட்ரோலர் வந்ததும் அந்தக் குறை தீர்ந்தது. மேல் வரிசை மூன்றும் குத்து, கீழ் வரிசை மூன்றும் உதை. டீரூம் என்ற தெருக்கடையின் மூலையில் நின்ற, காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரத்தில் இருந்த அதே அடுக்கு. உங்களுடையதில் பலத்த அடிக்குச் சுட்டுவிரல் கன்ட்ரோலரின் மேல்விளிம்பில் உள்ள தோள்பொத்தானைத் தேடி ஓட வேண்டும். அதுவா ஆர்கேட்?

தீபாவளிக்கு இரண்டு இயந்திரங்களையும் மாட்டிவைக்கிறேன். வந்து மோதிப் பாருங்கள், அண்ணா.