ஆம்னிக்குப் புது டயர்

ஜூன் 1, 2025, ஞாயிறு. பாளையங்கோட்டை

பின்சீட்டை எடுத்துவிட்டுப் படுக்கைப் பலகை போட்ட எங்கள் பழைய மாருதி ஆம்னி வேனுக்கு டயர் மாற்றியே ஆகவேண்டும். பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கும் மேடுபள்ளம், என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது. சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் ஆழம் போதும், இதில் இரண்டு மடங்குக்கு மேல் நிற்கிறது. ஆனால் பக்கவாட்டில் மயிரிழை மயிரிழையாக வெடிப்பு. ஓரத்தில் 2317 என்று அச்சு: 2017-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எட்டு வருஷம் ஆகிறது.

ஓடிய நாளைவிட வாசலில் வெயில் காய்ந்த நாள்தான் அதிகம். ரப்பரில் கலந்திருக்கும் காப்புப் பொருட்கள், டயர் உருண்டு நெளியும்போது மேலே கசிந்து வந்து அதைக் காப்பாற்றும். நிற்கிற வண்டிக்கு அந்தக் காப்பு குறைவு. இப்படி வருஷத்தில் பாதி நாள் சும்மா நிற்கும் வண்டிக்குத் தேய்மானத்தைவிட வயதைத்தான் பார்க்க வேண்டும்.

ஜூன் 3, செவ்வாய்

வண்ணார்பேட்டையில் ஒரு கடை. "அண்ணாச்சி, இதே அளவுல ஆல்டோ கார் டயர் இருக்கு. ஓட்ட மெத்துனு இருக்கும், ரேட்டும் கம்மி" என்றார் கடைக்காரர். இரண்டுமே 145 மில்லிமீட்டர் அகலம், இரண்டுமே 12 இஞ்ச் சக்கரத்துக்கானவைதான். ஆனால் அதில் 74 என்று போட்டிருந்தது. 74 என்றால் ஒரு டயர் 375 கிலோ தாங்கும். நம்முடையதில் LT (சிறிய சுமைவண்டிக்கான டயர்), 6PR (டயரின் பலத்தைச் சொல்லும் குறி), 80/78 என்று இருக்கிறது. 80-க்கு 450 கிலோ. 78 என்பது ஒரே பக்கத்தில் இரட்டைச் சக்கரம் போடும் வண்டிக்கான கணக்கு, நமக்கு வேண்டாம். "எடை போட்டுப் பாத்துட்டு வாரேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 4, புதன்

பயணத்துக்குப் போகிற மாதிரியே தண்ணீர் கேன், அடுப்பு, சிலிண்டர், மெத்தை எல்லாம் ஏற்றி, வீட்டு ஆட்களையும் உட்காரவைத்து, ரைஸ் மில் பக்கத்து எடைமேடையில் நிறுத்தினோம். மொத்தம் 1,240 கிலோ. பின்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றினால் 690. சக்கரத்துக்குப் பாதி என்றால் 345. ஆனால் தண்ணீரும் பெட்டியும் இடப்பக்கம் இருப்பதால் அந்தச் சக்கரத்துக்கு இன்னும் கூடத்தான் இருக்கும். மலை இறக்கத்தில் வளைவுக்கு வளைவு பாரம் வெளிப்பக்கச் சக்கரத்தில் வேறு சாயும். 375 போதவே போதாது.

ஆல்டோ டயர் ஆல்டோவுக்கு நல்ல டயர். வீட்டையே ஏற்றிக்கொண்டு போகிற வண்டிக்கு LT தவிர வேறு எதையும் நான் போடமாட்டேன். 8PR-உம் யோசித்தேன். 450 கிலோ தாங்குவது போதும் என்கிறபோது அதைவிட விறைப்பான டயர் போட்டால், வெறும் வண்டியாகப் போகும்போது தூக்கித்தான் போடும். 6PR என்று முடிவு.

ஜூன் 7, சனி

வேறொரு கடையில் முதலில் எடுத்து வைத்தது 2022-இல் செய்த டயர். பளபளவென்று இருந்தாலும் மூன்று வருஷம் ஏற்கனவே போய்விட்டது. வேண்டாம் என்றதும் உள்ளே போய் 0925 எண் போட்டவற்றைக் கொண்டுவந்தார்கள். ஆம்னி உற்பத்தி 2019-இலேயே நின்றுவிட்டது, இந்த அளவெல்லாம் கடையில் மெதுவாகத்தான் விற்கும். அதனால் தேதியைக் கேட்டு வாங்காதீர்கள், குனிந்து நீங்களே பாருங்கள். ஸ்டெப்னியோடு ஐந்தும் புதுசு, டியூபும் புதுசு. பழைய டியூப் நீண்டிருக்கும், புது டயருக்குள் மடிந்து அந்த மடிப்பிலேயே கிழியும்.

ஜூன் 8, ஞாயிறு. பாபநாசம்

விடிகாலை, வண்டி சூடாகும் முன்னே காற்றுப் பார்த்துவிட்டுக் கிளம்பினோம். பத்தமடை தாண்டியதுமே வித்தியாசம் தெரிந்தது. பக்கவாட்டு ஆட்டம் இல்லை. சேரன்மகாதேவி வேகத்தடையில் மட்டும் கொஞ்சம் விறைப்பு, அது LT-யின் குணம். அம்பாசமுத்திரத்தில் தொட்டுப் பார்த்தால் டயர் சூடு, காற்றும் கூடியிருந்தது. அதை இறக்கிவிடக் கூடாது, ஆறினால் தானே இறங்கும். வீல் நட்டை மட்டும் ஒருமுறை இறுக்கினேன். இரண்டு நட்டு கால் சுற்று போயிற்று.