கரைப் பீரங்கிகள்: வாசிப்பு நாட்குறிப்பு

ஜூன் 3

துணிச்சலும் தந்திரமும் உள்ளவனை ‘எம்டன்’ என்று சொல்லும் வழக்கத்துக்குக் காரணமான இரவைப் பற்றி இன்று படித்தேன். 1914 செப்டம்பர் 22 அன்று எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கரையிலும் பீரங்கிகள் இருந்தன. அவை திருப்பிச் சுட்டும் கப்பலுக்குச் சேதமில்லை. பீரங்கி இருந்தும் ஏன் குறி தவறுகிறது என்ற கேள்வி மனத்தில் தங்கிவிட்டது.

ஜூன் 5

சுடுவதைவிடத் தூரத்தை அளப்பதே கடினமான வேலை என்று தெரிகிறது. கடல்மட்டத்திலிருந்து தன் உயரம் என்ன என்று துல்லியமாகத் தெரிந்த ஒரு குன்றின் மேல் தொலைநோக்கியை நிறுத்தி, கப்பலின் பக்கவாட்டில் தண்ணீர் தொடும் கோட்டை நோக்கி அதைக் கீழே சாய்த்தால், சாய்ந்த கோணமும் குன்றின் உயரமும் சேர்ந்து தூரத்தைச் சொல்லிவிடும். பள்ளிக்கூட முக்கோணவியல்தான். ஆனால் கடல்மட்டம் ஓரிடத்தில் நிற்பதில்லை. 60 மீட்டர் உயரத்திலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவிலுள்ள கப்பலைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன்: ஓதம் (கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கம்) ஒரு மீட்டர் ஏறியிருப்பதைக் கவனிக்காமல் விட்டால், தூரத்தில் ஏறத்தாழ 100 மீட்டர் பிழை வருகிறது. ஆகவே பீரங்கிப் படையினர் ஓத அட்டவணையையும் கையில் வைத்திருக்க வேண்டியிருந்தது. இரவிலோ, தேடுவிளக்கின் ஒளி விழாத கப்பலுக்கு நீர்க்கோடே கிடையாது.

ஜூன் 6

இன்னொரு கணக்கு. 20 நாட் (மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர்) வேகத்தில் செல்லும் கப்பல், குண்டு 30 விநாடி பறப்பதற்குள் 300 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். கப்பல் இருக்கும் இடத்தைச் சுடுவதில் பயனில்லை. இருக்கப்போகும் இடத்தைத்தான் சுட வேண்டும்.

ஜூன் 9

சிங்கப்பூர்ப் பீரங்கிகள் கடலையே பார்த்திருந்தன, ஜப்பானியர் நிலவழியாக வந்தபோது நிலப்பக்கம் திருப்ப முடியவில்லை என்பது நானும் நம்பியிருந்த கதை. அது முழு உண்மை இல்லை. அங்கிருந்த ஐந்து 15 அங்குலப் பீரங்கிகளில் சாங்கிப் பகுதியிலிருந்த ஜொகூர் பேட்டரி என்ற பீரங்கித் தொகுதியின் மூன்றில் சில, 1942 பிப்ரவரியில் நிலப்பக்கம் திரும்பிச் சுட்டன. குறை குண்டில் இருந்தது. போர்க்கப்பலின் எஃகுக் கவசத்தைத் துளைத்து உள்ளே போய் வெடிப்பதற்கென்று செய்யப்பட்ட குண்டு, காலாட்படை பரவியிருக்கும் மென்மண்ணில் விழுந்தால் ஆழப் புதைந்துவிடுகிறது. வெடித்தாலும் சிதறல் மேலே வருவதில்லை. துறைமுகத்துக்குக் கடல்வழியாகவே பகைவர் வருவர் என்று நினைத்தவர்கள் கிடங்கையும் அந்த நினைப்பின்படியே நிரப்பியிருந்தனர். பீரங்கியைத் திருப்பச் சில நிமிடம் போதும். கிடங்கிலிருப்பதை முற்றுகை நேரத்தில் மாற்ற முடியாது. பிப்ரவரி 15 அன்று நகரம் சரணடைந்தது.

ஜூன் 12

நேர்மாறான கதை நார்வேயில் கிடைத்தது. ஆஸ்லோவுக்குச் செல்லும் கடற்கழியின் குறுகிய இடத்திலுள்ள ஆஸ்கர்ஸ்போர்க் கோட்டையில், பத்தொன்பதாம் நூற்றாண்டில் நிறுவிய 28 சென்டிமீட்டர் பீரங்கிகள் மூன்று இருந்தன. 1940 ஏப்ரல் 9 விடியலில், புத்தம்புதிய ஜெர்மானியக் கப்பலான புளூஷர் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைந்த தூரத்தில் வந்தபோது, தளபதி பிர்கர் எரிக்சன் சுட உத்தரவிட்டார். பெரும்பாலும் பயிற்சி முடியாத ஆட்கள். மறுபடி குண்டு ஏற்ற நேரமில்லை. இரண்டு பீரங்கிகள் ஆளுக்கு ஒரு குண்டு சுட்டன, இரண்டும் பட்டன. அருகிலிருந்த தீவின் பழைய டார்பிடோக்களும் தாக்க, கப்பல் மூழ்கியது. ஜூன் 5 அன்று நான் வியந்த கணக்கு எதுவும் அங்கே தேவைப்படவில்லை. கழியின் அகலமே தூரத்தைச் சொல்லிவிட்டது. மூன்றாவது பீரங்கிக்கு மட்டும் ஆள் போதவில்லை. அது சுடாமலே நின்றது.