பிஸ்டல் வீட்டில் இல்லை

என் பிஸ்டல் வீட்டில் இல்லை. கிளப்பின் இரும்பு அலமாரியில் 14ஆம் எண் பெட்டியில் இருக்கிறது. ஒரு சாவி என்னிடம், இன்னொன்று செயலாளரிடம். இரண்டும் சேர்ந்தால்தான் பெட்டி திறக்கும். நான் பிஸ்டல் சுடும் விளையாட்டுக்காரி என்று தெரிந்ததும் யாராக இருந்தாலும் முதலில் கேட்பது, "வீட்டிலேயே வச்சிருக்கீங்களா?" என்றுதான். இல்லை என்றதும் பாதிப் பேர் நிம்மதியாகிறார்கள். மீதிப் பேருக்கு முகம் வாடிவிடுகிறது.

நான் கணக்கு டீச்சர். நாற்பத்தொரு வயதில் ஆரம்பித்தேன், இப்போது பன்னிரண்டு வருடம் ஆகிறது. கையில் இருப்பது பாயின்ட் 22, அதாவது 0.22 அங்குலக் குண்டு போடும் சின்ன ரக விளையாட்டு பிஸ்டல். இருபத்தைந்து மீட்டர் தள்ளி அட்டை. அதில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர், டீ கப்பின் வாயைவிடச் சின்னது. சுடும்போது அட்டையைப் பார்க்கக் கூடாது. பிஸ்டலின் முனையில் இருக்கும் குறிதான் துல்லியமாகத் தெரிய வேண்டும், அட்டை பின்னால் மங்கலாக இருக்க வேண்டும். விசையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, அழுத்தத்தை மெல்லக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். எந்த நொடியில் வெடிக்கும் என்று சுடுகிறவளுக்கே தெரியக் கூடாது. ஒரு மணி நேரத்தில் நாற்பது குண்டுதான் சுடுவேன். அந்த ஒரு மணி நேரம் திருத்தாத விடைத்தாள், மாமியாரின் மாத்திரை, எதுவும் நினைவுக்கு வராது.

இவ்வளவு பிடிக்கும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இனி எழுதப் போவதைத் துப்பாக்கியைத் தொட்டே பார்க்காதவள் எழுதியது என்று ஒதுக்கிவிடுவார்கள்.

நான்காவது வருடம் ஒரு சனிக்கிழமை. பயிற்சி முடிந்துவிட்டது. புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், "உங்க ட்ரிகர் எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்டான். குண்டுகள் அடுக்கியிருக்கும் மேகசினைக் கழற்றி மேஜையில் வைத்தேன். காதில் மாட்டியிருந்ததை நெற்றிக்கு மேலே தள்ளிக்கொண்டு, "இதோ, இவ்வளவுதான்" என்று அழுத்திக் காட்டினேன். வெடித்தது.

மேகசினைக் கழற்றினால் துப்பாக்கி காலி என்று கை நினைத்துக்கொண்டது. சேம்பரில், அதாவது குழலின் பின்முனை அறையில், ஏற்கெனவே ஏறிவிட்ட குண்டு மேகசினோடு வெளியே வராது. மேலே நகரும் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்தால்தான் வரும். முதல் நாள் வகுப்பிலேயே சொல்லித்தரும் விஷயம் இது, நானே நாலைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்தும் இருக்கிறேன். குண்டு பத்தடி முன்னால் தரையில் இறங்கியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் கவனமாக இருந்ததால் அல்ல. காலியோ இல்லையோ, குழல் எப்போதும் அட்டைக்குப் பின்னாலுள்ள மண்மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும் என்ற விதி அந்தப் பழக்கத்தையாவது கையில் விட்டுவைத்திருந்தது. காது இரண்டு நாள் ரீங்காரமிட்டது. ஒரு மாதம் சுடும் இடமான ரேஞ்சுக்குள் வரக் கூடாது என்றார்கள். அப்புறம் தொடக்கநிலை வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

எங்கள் கிளப்பில் டீ வேளையில் அடிக்கடி கேட்கும் வசனம்: "தப்பு துப்பாக்கி மேல இல்ல, ஆள் மேல." சரி, அந்த ஆள் நான்தானே? லைசென்ஸ் இருந்தது, நான்கு வருடப் பயிற்சி இருந்தது, அலமாரியில் இரண்டு மெடல் இருந்தன. பொறுப்பானவர்கள் ஒரு ஜாதி, பொறுப்பற்றவர்கள் வேறு ஜாதி என்பதுபோலப் பேசுகிறார்கள். மூன்று நொடியில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நான் மாறியதை அவர்களும்தான் பார்த்தார்கள்.

1996 மார்ச் 13 அன்று ஸ்காட்லாந்தின் டன்பிளேன் ஊரில் ஒருவன் ஆரம்பப் பள்ளிக்குள் புகுந்து 16 குழந்தைகளையும் ஒரு டீச்சரையும் கொன்றான். அவன் கையில் இருந்தவை சட்டப்படி வைத்திருந்த கைத்துப்பாக்கிகள். விசாரணை நடத்திய நீதிபதி கல்லன் பிரபு, பயன்பாட்டில் இல்லாத நேரத்தில் அவை சுட முடியாதபடி முடக்கப்பட வேண்டும், அது நடைமுறைக்கு ஒத்துவராவிட்டால் தடையை யோசிக்கலாம் என்றார். 1997இல் முதலில் வந்த சட்டம் பெரிய ரகங்களைத் தடைசெய்துவிட்டு, பாயின்ட் 22 மட்டும் கிளப்பிலேயே பூட்டி வைக்கப்பட்டால் இருக்கலாம் என்றது. அதே வருடம் ஆட்சி மாறி, அதுவும் போயிற்று. பிரிட்டனின் பிஸ்டல் வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. அங்கே இன்று சிலர் சுடும் பிஸ்டலைப் பார்த்தால் சிரிப்பு வரும். குழல் குறைந்தது 30 செ.மீ., மொத்த நீளம் குறைந்தது 60 செ.மீ. இருந்தால் அது தடைக்குள் வராது என்பதால், பிடிக்குப் பின்னால் ஒரு நீளக் கம்பியை நீட்டி வைத்திருப்பார்கள்.

என்னைக் கேட்டால் அந்த முதல் சட்டத்தோடு நின்றிருக்கலாம் என்பேன். அந்தப் பள்ளியில் பிள்ளையைப் பறிகொடுத்த ஒருவர் முன்னால் இதைச் சொல்வேனா என்றால், மாட்டேன். நானும் டீச்சர்தான்.

தடை கேட்பவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. என் பிஸ்டலை ராணுவ ஆயுதம் என்கிறார்கள். அதற்கு எங்கள் ஆட்கள் "அட, இது பொம்மைங்க" என்று பதில் சொல்வது அதைவிட மோசம். இரண்டரை கிராம் சொச்ச ஈயம்தான். ஆனால் ஒன்றரை மைல் வரை போகும் என்று குண்டுப் பெட்டியிலேயே எச்சரிக்கை அச்சடிப்பார்கள். எந்தப் பொம்மைப் பெட்டியில் அப்படிப் போட்டிருக்கிறது?

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். விளையாட்டுக்குச் சுடும் நாங்கள், பேச்சு முற்றியதும் தற்காப்புக்கு வைத்திருப்பவர்களின் வாதத்தைக் கடன் வாங்கிவிடுகிறோம். வாஷிங்டன் நகரத்தின் கைத்துப்பாக்கித் தடையை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2008இல் ஐந்துக்கு நான்கு என்று ரத்துசெய்தது. ஹெல்லர் வழக்கு என்பார்கள். மற்றத் துப்பாக்கிகளைக் கழற்றியோ பூட்டியோதான் வீட்டில் வைக்க வேண்டும் என்ற விதியும் அதோடு போனது. அங்கே வழக்கின் மையமே வீட்டுக்குள் தற்காத்துக்கொள்வது. என் பிஸ்டலுக்கு வீட்டில் என்ன வேலை? அட்டை கிளப்பில்தானே இருக்கிறது?

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தாங்களே உயிரை மாய்த்துக்கொண்டவர்கள். எங்கள் டீ மேஜையில் பேச்சு எப்போதும் திருடனைப் பற்றியும் கொலைகாரனைப் பற்றியும்தான். பாதிக்கும் மேற்பட்ட இந்தக் கூட்டத்தை யாரும் வாயில் எடுப்பதில்லை. இஸ்ரேல் ராணுவம் 2006இல் ஒரு சின்ன மாற்றம் செய்தது. வார இறுதியில் வீட்டுக்குப் போகும் சிப்பாய்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்றார்கள். தற்கொலைகள் சுமார் 40 சதவீதம் குறைந்தன, அதுவும் பெரும்பாலும் வார இறுதிகளில். வார நாட்களில் அவ்வளவு மாற்றமில்லை. துப்பாக்கி கையில் இல்லாமல் அந்த மோசமான நேரம் கடந்ததும் பலர் பிழைத்துக்கொண்டார்கள் என்றுதான் அதற்கு அர்த்தம்.

அம்மா இறந்த வருடம் நான் பல இரவுகள் தூங்கவில்லை. அந்த வருடம் பெட்டி இரண்டு சாவி தள்ளி இருந்தது நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்கு மேல் எழுத வேண்டாம்.

என் மகனுக்குப் பதினேழு வயது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்படின்னா ஏர் பிஸ்டலே போதாதாம்மா? ஒலிம்பிக்ஸ்லயே இருக்கே" என்றான். பத்து மீட்டர், 4.5 மில்லிமீட்டர் குண்டு, வெடிமருந்தே கிடையாது. நியாயமான கேள்வி. அதில் அந்த உதை இல்லை, அந்த வாசனை இல்லை, எனக்கு இதுதான் பிடிக்கும் என்றேன். "அவ்வளவுதானா?" என்றான். அவ்வளவுதான்.

கனடா 2022 அக்டோபரில் கைத்துப்பாக்கி வாங்குவதையும் விற்பதையும் கைமாற்றுவதையும் முடக்கியபோது எங்கள் கிளப்பில் இரண்டு வாரம் வேறு பேச்சே இல்லை. நாளை நமக்கும் இதுதான் என்று ஒரே புலம்பல். அப்போதுதான் கேட்டேன், என்னுடையதைப் போல எல்லோருடைய பிஸ்டலும் இங்கேயே இருக்கட்டும் என்று நாமே விதி போட்டுக்கொண்டால் என்ன என்று. காலி சேம்பரில் மஞ்சள் கொடி செருகச் சொன்னால் செருகுகிறோம். ரேஞ்ச் ஆபீசர் "நிறுத்து" என்றால் அந்த நொடியே விரலை எடுக்கிறோம். வாசலைத் தாண்டியதும் அதே மாதிரி ஒரு விதிக்கு மட்டும் சுதந்திரம் நினைவுக்கு வந்துவிடுகிறது. நடைமுறைச் சிக்கல் இல்லாமல் இல்லை. எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் திருடனுக்கு வசதி, அலமாரிக்குக் காசு வேண்டும், வெளியூர்ப் போட்டிக்கு விடிகாலையில் கிளம்புகிறவருக்கு யார் வந்து திறந்துவிடுவது? இதையெல்லாம் உட்கார்ந்து பேசினால் தீர்க்கலாம்.

அடுத்த மாதப் பொதுக்குழுவில் தீர்மானம் வருகிறது. தோற்றுவிடும் என்றுதான் தோன்றுகிறது. கை தூக்கியதும் ரேஞ்சில் பக்கத்து லேனில் சுடும் சார் சில வாரம் என்னிடம் பேச மாட்டார். பிஸ்டலின் குறியைத் திருத்தும் என் ஆலன் கீ அவரிடம்தான் இருக்கிறது. கூட்டத்துக்கு முன்னாலேயே கேட்டு வாங்கிவிட வேண்டும்.