எட்டுப் பேர் அமர்ந்த நாற்காலி: பெல்கிரேடு முதல் சரயேவோ வரை

நீண்ட காலம் ஆண்ட டிட்டோவுக்குப் பிறகு, இன்று இல்லாமல் போன யுகோஸ்லாவியா நாட்டுக்கு எட்டுப் பேர் சேர்ந்து தலைவராக இருந்தார்கள் என்று படித்ததிலிருந்தே எனக்கு அதில் ஒரு கிறுக்கு. அதன் தலைநகராக இருந்த பெல்கிரேடில் அவர்களுடைய தடயத்தைத் தேடினேன். கிடைத்ததெல்லாம் டிட்டோதான். தெதினியே மேட்டில் அவருடைய கல்லறையைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக ஆட்கள் இறங்குகிறார்கள். அந்த எட்டுப் பேரின் பெயரைக் கேட்டால் விடுதிக்காரருக்கே இரண்டுக்கு மேல் வரவில்லை.

நியூ பெல்கிரேடில் கூட்டாட்சி அரசுக்காகக் கட்டிய பிரம்மாண்டமான மாளிகை நிற்கிறது. உள்ளே ஆறு குடியரசுகளுக்கும் ஆளுக்கொரு வரவேற்பு மண்டபம் உண்டு. நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கொசோவோவுக்கும் வோய்வோதினாவுக்கும் அங்கே தனி மண்டபம் இல்லை. அவை செர்பியாவுக்குள் அடங்கிய தன்னாட்சி மாகாணங்கள். ஆனால் 1974 அரசமைப்பு அவற்றுக்கும் தலைமைக் குழுவில் தலா ஓர் இடம் தந்தது; ஆறு குடியரசுகளோடு சேர்த்து எட்டு. ஆறு லட்சம் பேர் வாழ்ந்த மாண்டினீக்ரோவுக்கும் ஒரு வாக்கு, அதைப்போல் பல மடங்கு பெரிய செர்பியாவுக்கும் ஒரு வாக்கு. 1980 மே மாதம் டிட்டோ இறந்ததும் தலைவர் பதவி ஆண்டுக்கு ஒருவராகச் சுழலத் தொடங்கியது. 1986இல் கொசோவோவின் சினான் ஹசானி நாட்டின் தலைவரானார். காகிதத்தில் இதைவிட நியாயமான கணக்கு இருக்க முடியாது.

கணக்கு எங்கே உடைந்தது என்று பார்க்க வோய்வோதினாவின் தலைநகர் நோவி சாத் போக வேண்டும். ரயிலில் அரை மணி நேரச் சொச்சம். 1988 அக்டோபரில் செர்பியத் தலைவர் மிலோசெவிச்சின் ஆதரவாளர்கள் இங்குள்ள மாகாண அரசு மாளிகை மீது தயிர்ப் பொட்டலங்களை வீசியே வோய்வோதினாவின் தலைமையை விரட்டினார்கள். தயிர்ப் புரட்சி என்றே அதற்குப் பெயர்! அடுத்து மாண்டினீக்ரோ. 1989 மார்ச்சில் கொசோவோவின் தன்னாட்சியும் பறிபோனது. கவனியுங்கள், தன்னாட்சிதான் போனது. தலைமைக் குழுவின் இடங்கள் அப்படியே இருந்தன. உட்காருபவரை பெல்கிரேடு முடிவு செய்தது. செர்பியா, மாண்டினீக்ரோ, இரண்டு மாகாணங்கள்: எட்டில் நான்கு வாக்கு ஒரே கையில்.

ஐந்தாவது வாக்குதான் கிடைக்கவில்லை. 1991 மார்ச்சில் ராணுவக் கட்டடம் ஒன்றின் குளிரில் தலைமைக் குழுவின் கூட்டம் நடந்தது. நெருக்கடி நிலை கேட்டது ராணுவம். போஸ்னியாவின் பிரதிநிதி பொகிச் பொகிச்செவிச் செர்பியர். அவர் கை உயரும் என்று நம்பினார்கள். உயரவில்லை. "நான் செர்பியன்தான், ஆனால் அது என் தொழில் அல்ல" என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். மே மாதம் குரோஷியாவின் முறை வந்தபோது அதன் பிரதிநிதி மெசிச்சைத் தலைவராக்க விடாமல் நான்கு பேர் தடுத்தார்கள். ஜூலை 1ஆம் தேதி அவர் பதவியேற்பதற்குள் ஸ்லோவேனியாவும் குரோஷியாவும் விடுதலையை அறிவித்துவிட்டன.

பஸ் ஏறி, மலைப்பாதையில் குலுங்கிக் குலுங்கி போஸ்னியாவின் தலைநகர் சரயேவோ வந்து சேர்ந்தேன். இங்கே கூட்டுத் தலைமை இன்னும் உயிரோடு இருக்கிறது: ஒரு போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்), ஒரு குரோஷியர், ஒரு செர்பியர், எட்டு மாதத்துக்கு ஒருமுறை சுழற்சி. யூதர்களும் ரோமாக்களும் போட்டியிட முடியாதது பாகுபாடு என்று 2009இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. செர்பிய உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பது நாட்டுக்குள் செர்ப் குடியரசு எனப்படும் பகுதி மட்டுமே; சரயேவோ நகரம் அதற்கு வெளியே இருக்கிறது. பொகிச்செவிச்சைப் போன்ற ஒரு செர்பியர் சரயேவோவில் குடியிருந்தால், இந்தத் தலைமைக் குழுவுக்கு வேட்புமனு கூடக் கொடுக்க முடியாது.