மாரிகாலத்தில் சர்ஃப் போட் பழகியது: உல்லையில் ஆறு மாதம்

ஒக்டோபர் கடைசிக் கிழமை உல்லை வீதியில் நடந்தால் கடைக்குக் கடை ஆணி அடிக்கிற சத்தம்தான் கேட்கும். கண்ணாடிக் கதவுகளுக்கு முன்னால் தகரம் வைத்து அடைப்பார்கள். கதிரை மேசை எல்லாம் உள்ளே போய்விடும். அலையில் ஏறிச் சறுக்கப் பழக்குகிற பொடியன்கள் தங்கள் சறுக்குப் பலகைகளை, எங்கள் வாயில் போட்களை, கட்டி ஏற்றிக்கொண்டு தெற்குக் கரையில் வெலிகம, மிதிகம பக்கம் போய்விடுவார்கள். அங்கே அப்போதுதான் சீசன் பிறக்கும். வெளியூர்க்காரருக்கு இலங்கைக் கிழக்குக் கரையின் இந்த இடம் அறுகம்பை. நவம்பருக்குப் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல இங்கே ஆளில்லை. மாடுகளும் நாய்களும் நாங்களும்தான்.

எனக்கு ஊர் கோமாரி. எட்டு வருசமாக உல்லையில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல். சீசனில் விடிய 5 மணிக்கு அடுப்பு மூட்டினால் பத்து மணி வரை நிமிர முடியாது. மெயின் பொயின்ட் என்கிற முனையில் அலை நன்றாக உடைவதும் அதே நேரத்தில்தான். ஈர உடம்போடு வந்து இருந்து ரொட்டி தின்கிறவர்கள் கதைப்பதைக் கேட்டே எந்த அலை எப்படி வரும் என்று எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு நாள்கூட ஏறியதில்லை. சீசன் முடிந்தால் நேரம் கிடைக்கும். ஆனால் "இனி அலை இல்லை" என்று எல்லோரும் சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்கத்தான் போன நவம்பரில் ஒரு கொப்பியும் பென்சிலும் வாங்கினேன்.

போட் சும்மா கிடைத்தது. ஏழரை அடி. வால் பக்கம் வெடித்துத் தண்ணீர் குடித்திருந்தது என்று ஒருவர் விட்டுவிட்டுப் போனது. சில்லறைக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 5 கிலோ 900 கிராம். வெடிப்பைக் கீழே பார்க்க வைத்து, கூரைக்குக் கீழே மூன்று கிழமை சாய்த்து வைத்தேன். முதல் நாலு நாளும் மண்ணிறத் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது, பழைய மீன் பெட்டி நாற்றத்தோடு. திரும்ப நிறுத்தபோது 5 கிலோ 100. எண்ணூறு கிராம் கடலைச் சுமந்துகொண்டிருந்திருக்கிறது.

அடுத்ததாக நான் விட்ட பிழையை விரிவாகவே எழுதுகிறேன், இதே பிழையை இன்னொருவர் விடக்கூடாது. எங்கள் கரையில் ஃபைபர் படகு திருத்துகிற ஒரு காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை இப்படித்தான் கூப்பிடுவோம்) இருக்கிறார். நாற்பது வருசத் தொழில். "காக்கா, இந்த வெடிப்பை அடைச்சுத் தருவீங்களா?" என்று கேட்டேன். "படகையே அடைக்கிறம், இது என்ன தம்பி" என்று படகுக்குப் பூசுகிற ரெசினைக் கலந்து ஊற்றினார். வேலை சுத்தமாக இருந்தது. மறுநாள் விரலால் தட்டிப் பார்த்தேன், பறை மாதிரிச் சத்தம். மேல் ஓடு அப்படியே இருக்கிறது, உள்ளே ஒரு கைமுட்டி போகிற அளவுக்குப் பள்ளம்.

காரணம் பிறகுதான் விளங்கியது. படகுக்குப் பூசுவது பொலியெஸ்டர் ரெசின். அதற்குள் ஸ்டைரீன் இருக்கிறது. என் போட்டின் உள்ளே இருப்பதோ ரிஜிஃபோம், மீன் பெட்டி செய்கிற அதே சாமான். ஸ்டைரீன் பட்டால் ரிஜிஃபோம் கரைந்துவிடும். சில போட்களின் உள்ளே பொலியூரித்தேன் நுரை இருக்கும், அதற்குப் படகு ரெசின் ஒன்றும் செய்யாது. ரிஜிஃபோம் போட்டுக்கு எபொக்சி மட்டும்தான் ஆகும். பார்வைக்கு இரண்டு போட்டும் ஒன்றுபோலத்தான். ஆகவே தெரியாத போட் என்றால் வெடிப்புக்குள்ளிருந்து ஒரு துளி நுரையைக் கிள்ளி எடுத்துப் பாருங்கள். மணிமணியாக உதிர்ந்தால் ரிஜிஃபோம்.

காக்காவின் முகம் வாடிப்போனது. காசைத் திருப்பித் தர வந்தார், நான் வாங்கவில்லை. "மறுகா நாம ரெண்டு பேருமாச் செய்வம்" என்றார். அக்கரைப்பற்றில் எபொக்சி வாங்கி வந்தேன். கரைந்த இடத்தைச் சதுரமாக வெட்டி எடுத்தோம். நல்ல மீன் பெட்டி ஒன்றின் மூடியிலிருந்து துண்டு வெட்டி, அரத்தாளால் தேய்த்துத் தேய்த்து, பள்ளத்துக்குள் இறுக்கமாக இருக்கப் பண்ணினார். நான் ஒரு மணித்தியாலம் தேய்த்தும் பொருந்தாததை அவருடைய பெருவிரல் ஒரே தடவலில் கண்டுபிடிக்கும்: "இஞ்ச ஒரு நூல் உசரம்." மேலே கண்ணாடி நார்த்துணி இரண்டு மடிப்பு. வெளியே அடைமழை. ஈரக் காற்றில் எபொக்சி இறுக மாட்டேன் என்றது. ஒரு குண்டு பல்பைப் பக்கத்தில் தொங்கவிட்டு இரண்டு இரவு காய வைத்தோம். திரும்பத் தராசு: 5 கிலோ 350. அந்த ஒட்டு இன்று வரை ஒரு சொட்டுத் தண்ணீர் விடவில்லை.

கால் வழுக்காமல் இருக்கப் போட்டில் தேய்க்கிற வாக்ஸுக்குச் செலவில்லை. சீசனில் அறை கூட்டும்போது கிடந்த துண்டுகளைப் பால்மா ரின் ஒன்றில் சேர்த்து வைத்திருந்தேன்.

இனிக் கடல். மே முதல் ஒக்டோபர் வரை இங்கே அலை நீளமாக, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு உரிந்துகொண்டு போவது போல உடைவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அலை பிறக்கிற இடம். இந்து சமுத்திரத்தின் தென்கோடிப் புயல்களில் பிறந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் வந்து, எங்கள் முனையைச் சுற்றி வளைந்து உள்ளே வருகிறது. வளைந்து வருவதால்தான் வரிசையாக உடைகிறது. மற்றது தென்மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று. அது தீவைக் கடந்து கரையிலிருந்து கடலுக்கு வீசி அலையின் முகத்தை நிமிர்த்திப் பிடிக்கும். மாரியில் வடகிழக்கு வாடைக் காற்று தொடங்கினால் இரண்டும் தலைகீழ். காற்று கடலிலிருந்து முகத்தில் அடிக்கிறது. அலை வங்காள விரிகுடாவில், கிட்டத்திலேயே, அதே காற்றில் பிறந்தது. நேரே வந்து நேரே விழுகிறது.

டிசம்பர் முதல் கிழமை கரையில் இருந்து எண்ணினேன். ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் ஆறு செக்கன், சில வேளை ஏழு. ஒன்றைத் தாண்டி மூச்சு விடுவதற்குள் அடுத்தது தலையில் விழும். அன்று வெளியே போக நாற்பது நிமிசம் கையாலேயே துடுப்பு வலித்தேன், போகவே இல்லை. கையைத் தலைக்கு மேலே தூக்கிச் சட்டை போட முடியாத அளவு தோள் நோவு.

மச்சான் மீன்பிடிகாரன். மாரியில் அவனுடைய படகு வீதியோரம் வரை இழுத்து ஏற்றிக் கிடக்கும். அவன் கரையில் நிற்காத நாளில் இறங்குவதில்லை என்று மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். ஒரு நாளும் மீறவில்லை. வழி சொன்னதும் அவன்தான்: "அத்தான், வெள்ளாப்புக்கு வாங்க. எட்டு மணிக்குப் பிறகு இந்தக் கடல் ஆருக்கும் ஒண்ணா."

அது உண்மை. வாடைக் காலத்திலும், மழை விட்ட இரவுக்குப் பிறகு, தரை குளிர்ந்து கரைக்காற்று மெல்ல எழும்பும். ஐந்தரையிலிருந்து ஏழரை வரை, அதிகம் போனால் எட்டு. அந்த நேரம் தண்ணீரின் மேல் சொரசொரப்பு அடங்கி, அலைக்கு ஒரு முகம் வரும். எங்கள் பக்கம் வற்றுப்பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஆகவே அதைப் பார்த்துக் காத்திருந்து பெரிய பலன் இல்லை. காற்றைத்தான் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடந்தபடியே முற்றத்துத் தென்னோலைச் சத்தத்தைக் கேட்பேன். ஓலை சும்மா இருந்தால் எழும்புவேன், சரசரத்தால் திரும்பிப் படுப்பேன். கொப்பிக் கணக்கில் டிசம்பர் முழுக்க ஒன்பது காலை மட்டும்தான் கிடைத்தது.

அந்த ஒன்பதில் நடந்தது இவ்வளவு: உடைந்து வருகிற வெள்ளைத் தண்ணீரில் வயிற்றில் கிடந்து கரைக்கு வரப் பழகினேன். போட்டின் மூக்கு தண்ணீருக்கு மேலே இரண்டு விரல் உயரத்தில் நிற்கிற இடம் எது என்று கண்டுபிடித்து, நெஞ்சு வருகிற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன். போட்டில் எழும்பி நிற்பதைச் சீமெந்துத் தரையில் பாய் விரித்துக் காலையில் முப்பது, இரவில் முப்பது தடவை பழகினேன். மகள் எண்ணுவாள்.

டிசம்பர் 26 இறங்கவில்லை. 2004க்குப் பிறகு அந்த நாளில் எங்கள் வீட்டில் ஒருவரும் கடலில் கால் வைப்பதில்லை. மனைவியின் அம்மா அன்று போனவர். விளக்கு வைத்துவிட்டுக் கரையில் நின்றோம்.

ஜனவரி மழை கடுமை. வயல் பக்கம் வெள்ளம் ஏறவே, களப்பு, அதாவது கடலோர ஏரி, கடலில் சேருகிற முகத்துவாரத்தை வெட்டிவிட்டார்கள். களப்புத் தண்ணீர் இரவோடிரவாகக் கடலுக்குப் பாய்ந்தது. பாலத்தில் நின்று பார்த்தால் செம்மண் நிறத்தில் ஒரு நாக்கு கடலுக்குள் நீண்டு கிடந்தது. அடித்து வந்த மணல் வாய்க்கு வெளியே திடலாகப் படிந்து, அதன் மேல் நாலு நாளில் ஒரு அழகான அலை உடையத் தொடங்கியது. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று. மாரி முழுக்க நான் பார்த்ததில் அதுதான் ஒழுங்கான அலை. என் கால் பரபரத்தது. மச்சான் விடவில்லை. "தண்ணி கலங்கிக் கிடக்கிற வரைக்கும் வேண்டாம். களப்பில இருக்கிற முதலை வெள்ளத்தோட வெளிய வரும். ஆத்துவாய் இழுவையில அம்பிட்டா படகும் இல்ல, ஆளும் இல்ல." பதினொரு நாள் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தண்ணீர் தெளிந்தபோது திடலும் பாதி கரைந்திருந்தது. அதற்காக இப்போதும் வருத்தமில்லை. லைஃப் காட் இல்லாத கரையில் கடலைத் தெரிந்தவன் சொன்னால் அதுதான் சிவப்புக் கொடி.

பழகுகிற இடத்தை விஸ்கி பொயின்ட் பக்கம் மாற்றினேன். அடியில் மணல். விழுந்தால் பாறை கிழிக்காது. அங்கே ஜனவரி 29, ஏழு மணிக்கு முதல்முறை நின்றேன். மூன்று செக்கன் இருக்கும். முழங்கால் குத்தாமல், கை விட்டு, நின்று. கரையில் மச்சான் சாரத்தை அவிழ்த்துத் தலைக்கு மேல் சுழற்றினான்.

பெப்ரவரி பற்றிச் சொல்ல அதிகமில்லை. பெரும்போக அறுவடை. கெஸ்ட் ஹவுஸ் முதலாளி முதல் ஓட்டோ ஓடுகிறவர் வரை எல்லோரும் வயலில். இரவில் யானைக்குக் காவல், காலையில் கடலுக்கு வர உடம்பு கேட்காது. நடுவில் காதுக்குள் தண்ணீர் நின்று சீழ் கட்டிப் பத்து நாள் மருந்து. ஆறு காலை மட்டும்.

மார்ச்சில் கடல் படுத்துவிட்டது. குளம் மாதிரி. நாங்கள் கபானாக்களுக்குக் கிடுகு மாற்றினோம், உப்பு தின்ற ஆணிகளைப் பிடுங்கினோம், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பின்னேரங்களில் களப்போரம் விட்டு விலகி, குடாவுக்குள் துடுப்பு வலிப்பது மட்டும்: படகுத் துறையிலிருந்து பாறை வரை, திரும்பி. முதலில் இருபத்தாறு நிமிசம், மாதக் கடைசியில் பத்தொன்பது.

ஏப்ரல் இரண்டாம் கிழமை, சித்திரை வருசப் பிறப்புக்கு முதல் நாள், காலையில் கரைக்கு வந்தபோது கடலின் சத்தம் மாறியிருந்தது. மாரியில் அது ஓயாத இரைச்சல். இப்போது ஒரு அடி, பிறகு நீண்ட அமைதி, பிறகு இன்னொரு அடி. எண்ணிப் பார்த்தேன். பதின்மூன்று, பதினாலு செக்கன். தெற்கிலிருந்து முதல் அலை வந்துவிட்டது.

பழகுகிறவர்கள் இறங்குகிற பேபி பொயின்டில் இறங்கினேன். வெளியே போவது இவ்வளவு லேசா என்று இருந்தது. ஆனால் முதல் ஐந்து அலையிலும் மூக்குக் குத்தித் தலைகீழாக விழுந்தேன். ஏன் என்று விளங்கவில்லை. அப்போதுதான் வெலிகமவிலிருந்து திரும்பியிருந்த ஒரு பொடியன் பக்கத்தில் இருந்து பார்த்துவிட்டுச் சொன்னான்: "அண்ணே, நீங்க அவசரப்படுறீங்க. இந்த அலை உங்கள விட்டுட்டு ஓடாது. அது தூக்கட்டும், தூக்கினப் பிறகு இன்னும் ரெண்டு கை போட்டுட்டு எழும்புங்க." மாரி அலை வந்த வேகத்தில் விழுந்துவிடும், அதனால் பட்டென்று எழும்பப் பழகியிருந்தேன். நீண்ட அலையில் அதே வேகம் என்னை உச்சியிலேயே நிறுத்திவிடுகிறது. உச்சியில் நின்ற போட் மூக்கால் இறங்கத்தானே செய்யும்.

ஆறாவது அலையில் பொறுத்தேன். போட் தானே சரிந்து ஓடத் தொடங்கியது கைக்குத் தெரிந்தது. இரண்டு கை போட்டேன். எழும்பினேன். வலப்பக்கம் பார்த்தேன், போட்டும் வலப்பக்கம் திரும்பியது. எனக்கு முன்னால் பச்சையாக ஒரு சுவர் எழும்பிக்கொண்டே போனது. காலுக்குக் கீழே காக்காவின் ஒட்டு. படகுகள் கட்டிக் கிடக்கிற இடம் தாண்டும் வரை நின்றேன். கரையில் வந்து அடி வைத்து அளந்தோம்: எழுபத்திரண்டு அடி வைப்பு.

கொப்பிக் கணக்கு: நவம்பர் முதல் ஏப்ரல் வரை கடலில் இறங்கிய காலை நாற்பத்தேழு. நின்ற அலை முப்பத்தொன்று. அதில் இன்னும் உடையாத பச்சை அலை ஒன்பது, அத்தனையும் ஏப்ரலில்.

மே 3ஆம் திகதிக்கு முதல் புக்கிங் வந்துவிட்டது. தகரங்களைக் கழற்றியாயிற்று. விடிய 5 மணிக்கு அடுப்பு. வெள்ளிக்கிழமை மட்டும் காலைச் சமையலைத் தங்கச்சி பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறாள், அவளுக்கு ஞாயிறு நான் விட்டுக்கொடுக்க வேண்டும். போட் அடுப்படிக் கூரை வளையில் கயிறு போட்டுத் தொங்குகிறது, ரொட்டி தட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.