துலூஸ்ல பசங்களுக்கு ஸ்கூல் தேடின கதை

2022 ஜூலைல வீட்டுக்காரருக்கு பிரான்ஸ்ல, துலூஸ்ல வேலைன்னு உறுதியானதும் நான் மொதல்ல தேட ஆரம்பிச்சது வீட்டை இல்லைங்க, ஸ்கூலைத்தான். பெரியவளுக்கு எட்டு வயசு, சின்னவனுக்கு நாலு கூட முடியல. கோயமுத்தூர்ல அவள யூகேஜி சேக்கறதுக்கே விடியக்காலைல க்யூல நின்னு அப்ளிகேஷன் வாங்கி, இன்டர்வியூக்கு நாங்க ரெண்டு பேரும் படிச்சிட்டு போனவங்க, அதனால இங்கயும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சு கண்ணுல பட்ட ஸ்கூலுக்கெல்லாம் மெயில் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. ஜூலை ஆரம்பத்துல மூடினா செப்டம்பர்லதான் இங்க எல்லாமே திறக்கும்னு அப்ப தெரியாது.

வீட்டுக்காரர் கூட வேலை செய்யறவரோட மனைவி, பாண்டிச்சேரி அக்கா, இருபது வருஷத்துக்கு மேல இங்க இருக்கறவங்க, போன்ல சொன்னாங்க: "நீ ஸ்கூலை தேடாதம்மா, தெருவை தேடு." அன்னைக்கு எனக்கு புரியல. விஷயம் என்னன்னா இங்க அரசு ஸ்கூல்ல நாம போய் சீட் கேக்க முடியாது, வீட்டு அட்ரஸை வச்சு எந்த ஸ்கூல்னு அவங்களே சொல்லிடுவாங்க, அதுக்கு "கார்த் ஸ்கொலேர்"னு பேரு, ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்கூல், அந்தப் பக்கம் வேற ஸ்கூல்னு கூட இருக்கும். அதனால வாடகை அக்ரிமெண்ட்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி அந்த வீடு எந்த ஸ்கூலுக்கு வருதுன்னு மெரில (நம்ம ஊர் நகராட்சி ஆபீஸ் மாதிரி) கேட்டுக்கோங்க. நாங்க ரெண்டு வீட்டை இதுக்காகவே விட்டோம்.

அரசு ஸ்கூல்தான்னு உடனே முடிவு பண்ணிடல. வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் மீடியம் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான் மனசுல, திரும்பி போனா சிபிஎஸ்இல சேக்கணுமே, அப்ப ஃபிரெஞ்சுல படிச்சத வச்சு என்ன பண்றதுன்னு அவரு பயம். நியாயமான பயம்தான். ஆனா அந்த மாதிரி ஸ்கூல் பலதும் அரசோட ஒப்பந்தம் இல்லாத தனியார், ஒரு புள்ளைக்கு வருஷத்துக்கு பல லட்சம் ஆகும், கம்பெனி கட்டினாத்தான் உண்டு. நடுவுல இன்னொண்ணு இருக்கு, ஒப்பந்தம் போட்ட தனியார் ஸ்கூல், பெரும்பாலும் கத்தோலிக்க ஸ்கூல், வாத்தியார் சம்பளம் அரசு குடுக்குது, அதனால ஃபீஸ் நம்ம ஊரு ஸ்கூலை விட கம்மியா கூட இருக்கும், ஆனா இடம் சீக்கிரம் நிறைஞ்சிடும், ஆகஸ்ட்ல வந்து நிக்கறவங்களுக்கு கஷ்டம். அரசு ஸ்கூலுக்கு ஃபீஸே கிடையாது, 1881ல இருந்தே இலவசம்.

அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க, "எத்தன வருஷம் இருப்பீங்க?" மூணு வருஷ கான்ட்ராக்ட், அப்புறம் நீட்டிக்கலாம்னோம். அதுலயே விடை இருக்குன்னாங்க. இப்ப என்னை யாராச்சும் கேட்டா நானும் அதேதான் சொல்றேன். ஒரு வருஷம், ஒண்ணரை வருஷம்னா இங்கிலீஷ் ஸ்கூல் பாருங்க, அதுக்கு மேல இருப்பீங்கன்னா, அதுவும் புள்ளைக்கு பத்து வயசுக்கு உள்ளன்னா, தெரு முனைல இருக்கற ஸ்கூல்ல தைரியமா சேருங்க. பதிமூணு பதினாலு வயசுல வர்ற புள்ளைக்கு இதையே நான் சொல்ல மாட்டேன். கொலேஜ் (இங்க காலேஜ் இல்ல, ஆறாவதுல இருந்து ஒன்பதாவது வரைக்குமான ஸ்கூல்) முடிக்கறப்ப ப்ரெவேன்னு ஒரு பரீட்சை இருக்கு, அதோட லிசேல (அதுக்கப்புறம் வர்ற மேல்நிலைப் பள்ளி) எந்த பக்கம் போகணும்ங்கற முடிவும் வரும், மொழியே தெரியாம அந்த நேரத்துல வந்து இறங்கற புள்ளை மேல ரொம்ப பாரம் விழும்.

மெரிக்கு போறப்ப பெரிய ஃபைலோட போனேன், டிசி, மார்க் ஷீட், கான்டக்ட் சர்டிபிகேட் எல்லாம். அதுல ஒண்ணையும் அங்க இருந்த அம்மா தொடல. பாஸ்போர்ட், ஃபிரெஞ்சுல மொழிபெயர்த்த பிறப்பு சான்றிதழ் (கோர்ட்ல பதிவு பண்ணின மொழிபெயர்ப்பாளர்தான் பண்ணணும், ஊர்லயே நோட்டரி போட்டு எடுத்துட்டு வந்தது செல்லல), கரெண்ட் பில், தடுப்பூசி அட்டை, அவ்வளவுதான். தடுப்பூசிலதான் மாட்டினோம். 2018 ஜனவரி 1ல இருந்து பொறந்த புள்ளைங்களுக்கு 2022ல இங்க 11 நோய்க்கு ஊசி கட்டாயமா இருந்துச்சு, சின்னவன் 2018 நவம்பர். நம்ம ஊர்ல போட்டதுல மெனிஞ்சோகாக்கஸ் சிங்கற மூளைக்காய்ச்சல் ஊசி இல்ல. ஆறு வயசுக்குள்ள புள்ளைங்களுக்கு பி.எம்.ஐ.ன்னு அரசு மருத்துவ மையம் இருக்கு, அங்க காசில்லாம போட்டு விட்டாங்க. பெரியவ 2014, அவளுக்கு பழைய கணக்கு, மூணு நோய்க்கு போட்டிருந்தா போதும். கெளம்பறதுக்கு முன்னாடி குழந்தை டாக்டர்கிட்ட போட்ட ஊசி முழுசையும் தேதியோட ஒரு பேப்பர்ல எழுதி வாங்கிட்டு வந்துடுங்க.

வகுப்பும் அவங்களே சொல்லிடுவாங்க. எந்த வருஷம் பொறந்தாங்கங்கறதுதான் கணக்கு. 2014ல பொறந்தவ, அதனால 2022 செப்டம்பர்ல சே-எ-தெ, நம்ம மூணாங்கிளாஸ் மாதிரி. சின்னவன் மாத்தெர்னெல்ல (நம்ம எல்கேஜி யூகேஜி மாதிரி) நடு வகுப்பு. 2019ல இருந்து மூணு வயசுலயே ஸ்கூல் கட்டாயம் இங்க, "வீட்லயே இருக்கட்டும்"னு விட முடியாது.

பெரியவ மொதல் ரெண்டு மாசம் ஸ்கூல்ல வாயே தொறக்கல. கோயமுத்தூர்ல கிளாஸ் லீடரா இருந்த புள்ள. சாயங்காலம் 4:30க்கு கேட்ல நிக்கறப்ப எல்லா புள்ளைங்களும் கத்திக்கிட்டு ஓடி வரும், இவ மட்டும் பேகை இறுக்கி பிடிச்சிட்டு மெதுவா வருவா, வீடு வந்து சேர்ற வரைக்கும் பேச மாட்டா, உள்ள வந்து ஷூவ கழட்டினதும் அழுவா. தப்பு பண்ணிட்டோமோன்னு நான் ராத்திரி தூங்காம கெடந்த நாள் நெறைய.

இங்க கணக்கு வகுப்புக்கு சிலேட்டு உண்டு, நாம வச்சிருந்த கருப்பு சிலேட்டு இல்ல, வெள்ளை, மார்க்கர்ல எழுதி அழிக்கறது. டீச்சர் வாயால சொல்லுவாங்க, புள்ளைங்க எழுதி, சொன்னதும் எல்லாரும் ஒண்ணா தூக்கி காட்டணும். ஒரு நாள் டீச்சர் 97 சொல்லியிருக்காங்க. ஃபிரெஞ்சுல 97னா "கத்ர வாங் தீஸ் செத்", அதாவது நாலு, இருபது, பத்து, ஏழு. இவளுக்கு ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும்தான் தெரியும், காதுல விழுந்தத அப்படியே 4 20 10 7னு எழுதி தூக்கி காட்டிட்டா. டீச்சர் பக்கத்துல வந்து மார்க்கரை வாங்கி நடுவுல ஒரு பெருக்கல் குறி, ரெண்டு கூட்டல் குறி போட்டாங்களாம். 4 × 20 + 10 + 7. அப்புறம் = 97. "அம்மா, நான் எழுதினது தப்பே இல்ல, குறிதான் போடல"ன்னு அன்னைக்கு கேட்ல இருந்து வீடு வரைக்கும் வாய் ஓயாம பேசிட்டு வந்தா. அந்த டீச்சரை நான் சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்.

மொழி தெரியாம வர்ற புள்ளைங்களுக்குன்னே யூ.பி.இ.2.ஏ.ன்னு தனி வகுப்பு இருக்கு, இதை நம்மாளுங்க பல பேரு வந்த பின்னாடிதான் கேள்விப்படறாங்க. அவங்க வயசு வகுப்புலதான் பதிவு, ஆனா வாரத்துல எலெமாந்தேர்ல (ஒண்ணுல இருந்து அஞ்சாங்கிளாஸ் வரைக்கும்) குறைஞ்சது 9 மணி நேரம், கொலேஜ்னா 12 மணி நேரம் தனியா ஃபிரெஞ்சு சொல்லி குடுக்கணும்னு கணக்கு. காஸ்நாவ்ங்கற ஆபீஸ்தான் இதை பாத்துக்குது, புள்ள முன்னாடி எந்த மொழில படிச்சுதோ அதுலயே கணக்கு டெஸ்ட் வச்சு எங்க நிக்கறான்னு பாப்பாங்க. பெரியவளோட வகுப்புல உக்ரைன், மொராக்கோ, பிரேசில், சிரியா எல்லா ஊர் புள்ளைங்களும் இருந்துச்சு, யாருக்கும் யாரோட பேச்சும் புரியாது, அதனாலயே ஃபிரெஞ்சு சீக்கிரம் வந்துச்சுன்னு நெனக்கிறேன். ஆனா இது எல்லா ஸ்கூல்லயும் இருக்காது, தனியார்ல பெரும்பாலும் கிடையாது, அதனால தெருவை தேடறப்பவே மெரில இதையும் கேளுங்க.

சின்னவனுக்கு இது கிடையாது, சேபே, அதாவது ஒண்ணாங்கிளாஸ்ல இருந்துதான். மாத்தெர்னெல்ல தானா கத்துப்பாங்கன்னு விட்டுடுவாங்க. மதியம் படுக்கறதுக்கு எல்லா புள்ளையும் ஒரு "தூதூ" கொண்டு வரணும், கட்டிப்பிடிச்சுக்கற பொம்மையோ துணியோ. இவனுக்கு அப்படி பொம்மையே கிடையாது, அம்மிச்சியோட (எங்க அம்மா) பழைய நூல் சேலை துண்டு ஒண்ணு ஊர்ல இருந்து வந்த பொட்டில இருந்துச்சு, அதை மடிச்சு குடுத்து விட்டேன். ஒரு வருஷம் முழுக்க அது ஸ்கூல் பைல போயிட்டு வந்துச்சு.

டிசம்பர்ல சின்னவனோட ஸ்கூல்ல என்னை கூப்பிட்டு பேசினாங்க. பையன் பேசவே மாட்டேங்கறான், வீட்ல ஃபிரெஞ்சு பேசுங்க, உங்க பாஷையை கொஞ்ச நாள் நிறுத்தி வைங்கன்னாங்க. நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. நாங்களும் பயந்து போய் செஞ்சோம். எங்களுக்கு தெரிஞ்ச ஃபிரெஞ்சே ஆப்ல கத்துக்கிட்டது, "சாப்பிடு", "கை கழுவு", "தூங்கு", இதுக்கு மேல வராது. மூணு வாரம். அவன் ராத்திரி கதை கேக்கறதை நிறுத்திட்டான். அம்மிச்சி வீடியோ கால்ல "சாமி, சாப்புட்டியா"ன்னு கேட்டா "வீ"ன்னு (ஃபிரெஞ்சுல ஆமாம்) ஒத்தை வார்த்தை, அப்புறம் எழுந்து போயிடுவான். அம்மா என்கிட்ட ஒண்ணும் கேக்கல, ஆனா அவங்க மொகம் எனக்கு தெரியாதா.

கீழ் வீட்ல ஒரு பாட்டி, எம்பது வயசுக்கு மேல, பக்கத்து மலை கிராமத்துக்காரங்க. படிக்கட்டுல நான் சின்னவன்கிட்ட உடைஞ்ச ஃபிரெஞ்சுல பேசறத கேட்டுட்டு, ஏன் இப்படி பேசறேன்னு கேட்டாங்க. சொன்னேன். உக்கார வச்சு காபி குடுத்துட்டு அவங்க அப்பா கதையை சொன்னாங்க. இந்த பக்கத்துக்கெல்லாம் ஃபிரெஞ்சு இல்லாம சொந்தமா ஒரு பாஷை உண்டு, ஒக்சித்தான். துலூஸ் மெட்ரோல ஸ்டேஷன் பேரு ஃபிரெஞ்சுல சொன்னதுக்கப்புறம் இன்னொரு தடவ வேற மாதிரி கேக்குமே, அது அந்த பாஷைதான். அவங்க அப்பா படிச்ச ஸ்கூல்ல அதை பேசி மாட்டினா ஒரு மரத்துண்டை கழுத்துல மாட்டி விடுவாங்களாம், அடுத்து எவன் பேசறானோ அவன் கழுத்துக்கு அது போகும், சாயங்காலம் மணி அடிக்கறப்ப யார்கிட்ட இருக்கோ அவனுக்கு தண்டனை. அந்த மனுஷன் வாழ்நாள் முழுக்க மாட்டுகிட்டயும் கூட்டாளிங்க கிட்டயும் மட்டும் ஒக்சித்தான்ல பேசினாரு, பெத்த பொண்ணுகிட்ட பேசவே இல்ல. "எனக்கு கேட்டா புரியும், பேச வாய் வராது, அப்பா மாட்டுக்கு குடுத்ததை எனக்கு குடுக்கல"ன்னாங்க. காபி ஆறிப் போச்சு, நான் குடிக்கல.

ஏன்னா நான் படிச்ச கான்வென்ட்லயும் தமிழ்ல பேசினா ஃபைன். ஒரு வார்த்தைக்கு ஒரு ரூபா, லீடர் நோட்ல பேரு எழுதுவா. அஞ்சாவது படிக்கறப்ப கீழ விழுந்து முட்டில ரத்தம் வந்து "அம்மா"ன்னு கத்தினதுக்கு என் பேரை எழுதினாங்க. அதை நான் யார்கிட்டயும் சொன்னது கூட இல்ல, அந்த பாட்டிகிட்டதான் மொத மொதல்ல சொன்னேன், அதுவும் அரைகுறை ஃபிரெஞ்சுல.

அன்னைக்கு ராத்திரியே வீட்ல தமிழ் திரும்ப வந்துடுச்சு. ஸ்கூல்ல போய், ஃபிரெஞ்சு நீங்க சொல்லி குடுங்க, எங்களுக்கு நல்லா தெரிஞ்ச மொழில நாங்க அவன்கிட்ட பேசறோம், கதை சொல்றோம், அப்பத்தான் அவனுக்கு பேசறதுக்கு விஷயமே இருக்கும்னு அக்காவை மொழிபெயர்க்க வச்சு சொன்னேன். சரின்னுட்டாங்க. அடுத்த ஈஸ்டர் லீவு முடிஞ்சு போனவன் ஃபிரெஞ்சுல பொரிஞ்சு தள்ள ஆரம்பிச்சுட்டான், பேக்கரில "ஷொகொலாத்தீன்"னு கேக்கறான், பாரிஸ்காரங்க இதை "பேன் ஓ ஷொகொலா"ம்பாங்க, இவன் அசல் துலூஸ்காரன்.

தமிழ் எழுத்துக்கு இங்க வழி கொஞ்சம் கஷ்டம்தான். பாரிஸ் பக்கம் ஈழத்தமிழர்கள் தமிழ்ச்சோலைன்னு வார இறுதி பள்ளி நடத்தறாங்க, லா ஷப்பேல் பக்கம் போனா தமிழ் போர்டு, தமிழ் புத்தகம் எல்லாம் கண்ணால பாக்கலாம், எங்களுக்கு அது ரயில்ல நாலு மணி நேரத்துக்கு மேல. தமிழ் இணையக் கல்விக்கழகத்துல மழலைக் கல்வி பாடம் இருக்கு, அதை பிரின்ட் எடுத்துக்கிட்டோம், புதன்கிழமை மதியம் ஸ்கூல் இல்ல, அந்த நேரம் அம்மிச்சி வீடியோ கால்ல டீச்சர்.

மத்ததெல்லாம் பழகிடும். கான்தீன்ல சாப்பாடு நாலு தட்டா வரும், காசு நம்ம வருமானத்தை பொறுத்து, வாரத்துல ஒரு நாள் சைவ சாப்பாடு சட்டப்படி உண்டு, எங்க மெரில தினமும் கறியில்லாத மெனு கேட்டா குடுக்கறாங்க, பீஃப் பன்னி வேணாம்னு இருக்கறவங்க சேர்க்கறப்பவே எழுதிடுங்க. ஏழு வாரத்துக்கு ஒரு தடவ ரெண்டு வாரம் லீவு, ரெண்டு பேரும் வேலைக்கு போறவங்க அதுக்கு இப்பவே யோசிச்சு வைங்க.

2025 செப்டம்பர்ல பெரியவ கொலேஜ் போயிட்டா, இங்க ஆறுல ஆரம்பிச்சு அஞ்சு, நாலு, மூணுன்னு கீழ எண்ணுவாங்க. வீட்டுக்காரருக்கு இங்கிலீஷ் போயிடுமோங்கற பயம் இன்னும் இருக்கு, அதுக்கு அரசு ஸ்கூல்லயே சர்வதேச பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, பக்கத்துல கொலொமியேல விக்தோர் யூகோ லிசேல கூட உண்டு, சேர டெஸ்ட் எழுதணும், சில ஊர்ல அந்த பிரிவை நடத்தற சங்கத்துக்கு தனியா காசும் கட்டணும். அவ கேட்டா பாப்போம், இப்ப கூட்டாளிங்கள விட்டு வர மாட்டேங்கறா.

போன புதன்கிழமை சின்னவன் ஸ்கூல் சிலேட்டை எடுத்துட்டு வந்து போன் முன்னாடி உக்காந்தான். அம்மிச்சி சொல்ல சொல்ல எழுதணும். கடைசியா "அம்மிச்சி எழுது பாக்கலாம்"னாங்க. நாக்கை கடிச்சிட்டு எழுதி, கிளாஸ்ல பண்ற மாதிரி ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கி காட்டினான். அம்மா கண்ணாடியை மேல தூக்கி விட்டு பாத்தாங்க. "மொத ச் மேல புள்ளி எங்க சாமி?" சிலேட்டை இறக்கி, மார்க்கர் மூடியை பல்லால கழட்டி, ஒரு புள்ளி வச்சுட்டு திரும்ப தூக்கினான்.